அனாமத்துக் கணக்கில் நூற்றெண்பது

போன வாரம் நித்யா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்த ஆசிரியை அவள். பிளஸ் ஒன், பிளஸ் டூ பெண்களுக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறாள். படத்தில் ஒரு தேக்குப் பலகை இருந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு தடித்த கயிறு, அதன் தலைமாட்டில் குறுக்காக இன்னொரு கயிறு, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஆணிகள். கீழே இப்படி எழுதியிருந்தாள்:

"மிஸ், ஸ்டாஃப் ரூம் பீரோவுக்குப் பின்னால இது கெடந்துச்சுங்க. ஃபிசிக்ஸ் மிஸ் ஏதோ எக்ஸ்பெரிமென்ட்டுங்கறாங்க. பி.டி. மிஸ் வெளையாட்டுச் சாமானுங்கறாங்க. இப்ப பாடத்துல கம்ப்யூட்டர் கணக்கும் வந்துருச்சுங்களா, மெஷின் வைக்க எடம் பத்தலை. இதைத் தூக்கிப் போட்டுடலாங்களா?"

தூக்கிப் போடாதே, நாளைக்குச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடிவிட்டது. பதில் ஒரு வரியில் அடங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று எல்லாவற்றையும் கலந்தடித்து எம்.காம். முடித்தேன். பி.எட். இடம் கிடைக்கும் வரை ஓர் ஆடிட்டர் ஆபீசில் வவுச்சர்களுக்குப் பச்சை மையில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஆடிட்டர் சொல்லித் தந்த இரண்டு வித்தைகள்தான் ஓய்வு பெறும் நாள் வரை எனக்குச் சோறு போட்டன. இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் சமமாகவில்லையா, வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார். அந்தத் தொகை ஏதாவது ஒரு வரியில் இருந்தால் அது பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறதா, யாரோ இலக்கங்களை முன்பின்னாக எழுதிவிட்டார்கள். எழுபத்திரண்டை இருபத்தேழு என்று எழுதிக் கழித்துப் பாருங்கள். அது ஏன் ஒன்பதாகவே வருகிறது என்று யோசித்தபடி பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டதும் உண்டு.

பிறகு கணபதி என்கிற பகுதியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. கடைசி வரை அங்கேதான்.

அந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது பிளஸ் ஒன் முதல் வகுப்பு. பத்தாவது வரை கணக்கென்றால் எக்ஸ், ஒய் என்று நினைத்துக்கொண்டு வந்த பெண்களிடம், "தொழில் வேறு, முதலாளி வேறு. பட்டறைக்கு உங்கப்பா வெளியாள். அவர் போட்ட முதல், பட்டறை அவருக்குத் தர வேண்டிய கடன்" என்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிப் பெண்களில் பாதிப் பேருக்கு வீட்டின் முன்பக்கமே லேத் பட்டறை. அவர்கள் சும்மா விடுவார்களா? "எங்கப்பா பட்டறைலயேதானுங்க மிஸ் படுத்துத் தூங்கறாரு, அவரு எப்பிடிங்க வெளியாளு?" என்று ஒருத்தி எழுந்து நிற்பாள். அடுத்தது பற்று, வரவு. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்றதும் வகுப்பே என்னைச் சந்தேகமாகப் பார்க்கும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருத்தி, நான் அதுவரை யோசிக்காத ஒரு கேள்வியைக் கேட்பாள். அதற்காகவே ஜூன் மாதத்தை ஆவலாக எதிர்பார்ப்பேன்.

தாரணி வந்ததும் ஒரு ஜூன் மாதத்தில்தான். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாழை போடுகிற குடும்பம். பிறவியிலேயே பார்வை கிடையாது. எங்கள் ஹாஸ்டலில் தங்கி ஒன்பது, பத்து முடித்திருந்தாள். அவளுக்கு முன்னால் படித்த பார்வையில்லாத பெண்கள் எல்லோரும் பிளஸ் ஒன்னில் வரலாறு பிரிவுக்குத்தான் போனார்கள். அப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் யாரும் மாற்றிக் கேட்டதில்லை. தாரணி கேட்டாள். தனக்கு வணிகவியல் பிரிவு வேண்டும், கணக்குப்பதிவியல் படிக்க வேண்டும் என்றாள்.

அவளுடைய அப்பாவுக்கே நம்பிக்கை இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க மிஸ்ஸு, கோடு கோடாப் போட்டு, கட்டம் கட்டமா எழுதற பாடமுங்கறாங்க. இது புள்ளைக்கு ஆகுமுங்களா?" என்று கேட்டார். தெரியலீங்க என்றுதான் சொல்ல முடிந்தது. உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. ஆனால் எப்படி ஆகும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை அந்த நிமிடமே பற்றிக்கொண்டுவிட்டது.

முடிவெடுக்க வேண்டியவர் தலைமையாசிரியை சிஸ்டர் அமலி. அவருக்குத் தெற்கத்திச் சீமை. எங்கள் ஊர் வழக்கப்படி சொல்லுக்குச் சொல் 'ங்க' போட மாட்டார். அதனால் வந்த புதிதில் அவரைக் கோபக்காரர் என்று நினைத்திருந்தோம். அவர் தன் அறையில் உட்கார்ந்து எந்த முடிவும் எடுத்து நான் பார்த்ததில்லை. விஷயம் எதுவானாலும் "வாங்க, நடப்போம்" என்பார். மைதானத்தை ஒரு சுற்று சுற்றுவார். கேட்க வேண்டியதை எல்லாம் கொடிக்கம்பம் வருவதற்குள் கேட்டுவிடுவார். அதற்குப் பிறகு குழாயடி வரை பேசவே மாட்டார். குழாயடியில் நின்று, திறந்து கிடக்கும் குழாய் ஏதாவது இருந்தால் மூடிவிட்டு, முடிவைச் சொல்வார். ஸ்டாஃப் ரூமில் இதற்குப் பிரதட்சணம் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. "இன்னைக்குப் பிரதட்சணத்துக்கு யார் வாறா?" என்று ஒருநாள் அவரே கேட்டதும் நாங்கள் வெலவெலத்துப் போனோம்.

அன்றைய பிரதட்சணத்தில் தாரணியும் நானும். சிஸ்டர் அவள் கையைப் பிடிக்கவில்லை. தன் முழங்கையை நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு இந்தப் பாடம்?"

"ஹாஸ்டல்ல பக்கத்துக் கட்டில் அக்கா சத்தமாப் படிப்பாங்க சிஸ்டர். எழுதி முடிச்சுப்போட்டு, 'சமமாயிருச்சு'ன்னு கத்துவாங்க. ரெண்டு பக்கமும் எப்பிடி ஒண்ணாகுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகோணுமுங்க. ஹிஸ்டரில அப்பிடி எதுவும் ஆகறதில்லீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் சிரிக்கவில்லை. குழாயடிக்கு வந்ததும், "காலாண்டு வரைக்கும் பாப்போம். பாஸானா இங்கேயே இரு. இல்லன்னா ஹிஸ்டரி. அப்ப அழக் கூடாது" என்றார். அவள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "அழக் கூடாதுன்னது உங்களுக்கும்தான் டீச்சர்" என்றார்.

அந்தப் பலகை பிறந்தது அந்த வாரம்தான். பேரேட்டுக் கணக்கு என்பது பெரிய ஆங்கில 'டி' எழுத்து மாதிரி. மேலே கணக்கின் பெயர், இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. தொட்டுப் பார்க்கும்படி அதைச் செய்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் பம்பு வார்ப்படத்துக்கு மரத்தில் மாதிரி செய்கிறவர். அவரிடம் வரைந்து காட்டினேன். "இத்தனை வருசம் நீ சொல்லிக் குடுக்கறது இந்த ஒரு எழுத்துத்தானா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்று கிண்டல் செய்தாலும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நல்ல தேக்கில் இழைத்துத் தந்தார். கயிறு ஒட்டினோம், ஆணி அடித்தோம். தொகையைப் பிரெயிலில் குத்திய சீட்டுகளை ஆணியில் மாட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

தாரணி பலகையை விரல்களால் தடவிப் பார்த்துவிட்டு, "நெம்ப நல்லாருக்குதுங்க மிஸ்" என்றாள். வகுப்பில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் கணக்குச் செய்தாள். விடைகள் சரியாக வந்தன. நான் ஸ்டாஃப் ரூமில் பலகையின் பெருமையை எல்லோரிடமும் அளந்தேன். வேறு பள்ளிக்கூடங்களுக்கும் இப்படிச் செய்து தரலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் அவள் பக்கத்தில் நின்று கவனித்தேன். பலகை தலைகீழாக இருந்தது. குறுக்குக் கயிறு அவள் வயிற்றுப் பக்கம் கிடந்தது. ஆணிகளில் போன வாரத்துச் சீட்டுகள் அப்படியே தொங்கின. அவள் இரண்டு கைகளையும் அதன் மேல் வெறுமனே வைத்துக்கொண்டு, நான் பலகைக்குப் பதில் ஒரு தலையணையைக் கொடுத்திருந்தாலும் வைத்திருப்பாள் போல, மூன்று கணக்குகளின் மீதியை மளமளவென்று சொன்னாள். மூன்றும் சரி.

மதியம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நெசமா நீ எப்படிச் செய்யறே?"

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "ஹாஸ்டல்ல கட்டில் வரிசை இருக்குதுங்கல்ல மிஸ், ஒவ்வொரு கட்டிலும் ஒரு கணக்குங்க. கதவோரம் ரொக்கம். அடுத்தது கொள்முதல். அதுக்கடுத்தது விற்பனை. ஜன்னலோரக் கட்டில் முதலாளிக்குங்க, காத்து வருமில்லீங்க. கட்டிலுக்கு எடதுபக்கம் வெச்சா பற்று, வலதுபக்கம் வெச்சா வரவு. கடைசில கதவுலருந்து ஒரு நடை நடந்தா இருப்பாய்வு வந்துருமுங்க."

இருப்பாய்வு என்பது எல்லாக் கணக்கின் மீதிகளையும் இரண்டு பத்தியாக எழுதிக் கூட்டிப் பார்ப்பது. கணக்கு ஒழுங்காக எழுதியிருந்தால் இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக வரும். எங்கள் தொழிலில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. இந்தப் பெண் அதை ஹாஸ்டல் கூடத்தில் நடந்தே முடித்துவிடுகிறாள். அந்தக் கூடத்துக்கு நானும் ஒருநாள் போய், கட்டில்களுக்கு நடுவில் நடந்து பார்த்தேன். எனக்குக் கட்டில்கள் மட்டும்தான் தெரிந்தன.

"அப்ப இந்தப் பலகை?" என்று அன்று அவளிடம் கேட்டேன்.

"நல்லாத்தானுங்க மிஸ் இருக்குது" என்றாள்.

அந்தப் பதிலிலேயே வரப்போகும் ஆபத்து இருந்திருக்கிறது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

காலாண்டுத் தேர்வு வந்தது. பார்வையில்லாத மாணவி சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியர் எழுத வேண்டும். அந்தப் பாடம் எடுக்கிறவராக அவர் இருக்கக் கூடாது. கேள்வியை வாசித்துக் காட்டலாம், சொன்னதை எழுதலாம், எழுதியதைத் திருப்பி வாசிக்கலாம். அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. சிஸ்டர் எங்கள் புலவரய்யாவை அந்த வேலைக்குப் போட்டார். தமிழாசிரியர், தங்கமான மனுசர், பள்ளியிலேயே மூத்தவர். அவர் கையெழுத்து கல்யாணப் பத்திரிகை அச்சு மாதிரி இருக்கும்.

விடைத்தாள் என்னிடம் வந்தது. அழகான தாள். ஒவ்வொரு கோடும் ஸ்கேல் வைத்துப் போட்டது. ஆனால் கடைசி இரண்டு பெரிய கேள்விகள் எழுதப்படவே இல்லை. நேரம் போதவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதைவிட என்னைக் குழப்பியது இருப்பாய்வு. அந்தக் கேள்வியைத் தயாரித்தவள் நான். அது சமமாக வரும் கணக்கு. தாரணியின் தாளிலும் சமமாகத்தான் வந்திருந்தது. ஆனால் கடைசியில் பற்றுப் பக்கம் யாரும் கேட்காத ஒரு வரி இருந்தது: அனாமத்துக் கணக்கு, 180.

இரண்டு பக்கமும் சமமாகாமல், தப்பு எங்கே என்று தெரியாமல் தவிக்கும்போது, வித்தியாசத் தொகையை ஒரு தற்காலிகக் கணக்கில் ஒதுக்கி வைப்பார்கள். தப்பு கிடைத்ததும் அதை நேர் செய்துகொள்ளலாம். அதற்குப் பெயர்தான் அனாமத்து. அந்தப் பாடத்தை நான் இன்னும் நடத்தவே இல்லை. பக்கத்துக் கட்டில் அக்கா படித்ததைக் கேட்டு வைத்திருக்கிறாள். சரி, இந்த நூற்றெண்பது எங்கிருந்து வந்தது? பாதியாக்கிப் பார்த்தேன், தொண்ணூறு. அப்படி ஒரு தொகை கேள்வியில் எங்கும் இல்லை. ஒன்பதால் வகுத்தேன், இருபது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வரிவரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மின்கட்டணம் கேள்வித்தாளில் 2,750. விடைத்தாளில், அச்சடித்த மாதிரி அழகான எழுத்தில், 2,570.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

"தாரணி, தப்பு எங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க மிஸ். கரண்டு பில்லுங்க."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"சொன்னேனுங்க. அது எழுநூத்தம்பதுங்களான்னு கேட்டேன். எழுதினது செரியாத்தான் கண்ணு இருக்குதுன்னாங்க அய்யா. செரிங்கய்யான்னுட்டேன்."

"மறுபடியும் சொல்ல வேண்டியதுதானே?"

அவள் நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். "பெரியவிய, அவிய எழுதினதைத் தப்புன்னு எப்பிடிங்க மிஸ் சொல்றது? அதான் அனாமத்துல போட்டுட்டேனுங்க."

"அந்த ரெண்டு கேள்வி?"

"அய்யா கோடு போட்டு முடிக்கட்டும்னு இருந்தேனுங்க. அவசரப்படுத்துனா நல்லாருக்காதுங்களே."

எங்கள் ஊரில் இப்படித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். சாப்பாட்டில் உப்பில்லை என்றால்கூட நேராகச் சொல்ல மாட்டோம், கொஞ்சம் ஊறுகாய் இருக்குதுங்களா என்று கேட்போம். அவள் செய்தது மரியாதை. ஆனால் மதிப்பெண் தேர்ச்சிக்குக் கீழே நின்றுவிட்டது. எவ்வளவு கூட்டிப் பார்த்தும் ஏறவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிஸ்டர் போட்ட உத்தரவு ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் பிரதட்சணம். விடைத்தாளை சிஸ்டரிடம் காட்டி, நூற்றெண்பதை விளக்கினேன். கொடிக்கம்பம் வரை கேட்டுக்கொண்டே வந்தார். குழாயடியில் நின்றார்.

"கணக்கு வருது. வாய் வரலை. பப்ளிக் எக்ஸாம்ல எழுத வாறது யாரோ, எவரோ. அங்கேயும் இவ அனாமத்துல போட்டுட்டு வந்தா?"

"பழக்கிடலாம் சிஸ்டர்."

"பதினைஞ்சு நாள். மறுபடி ஒரு பரீட்சை. இந்தத் தடவை நான் எழுதுவேன்."

புலவரய்யாவிடமே வாய் திறக்காதவள் ஹெட்மிஸ்ட்ரஸிடம் எப்படித் திறப்பாள்?

முதலில் நானே எழுத உட்கார்ந்தேன். வேண்டுமென்றே தப்பாக எழுதித் திருப்பி வாசித்தேன். "அது செரியா இருக்குமுங்களா மிஸ்?" என்பாள். சரிதான் என்றால் "செரிங்க மிஸ்" என்று அடங்கிவிடுவாள். கோபமாகச் சொல்லிப் பார்த்தேன், கொஞ்சிச் சொல்லிப் பார்த்தேன். கூடப் படிக்கிற பெண் எழுதினால் மட்டும், "ஏ லூசு, தப்பாப் போட்டுட்டே, அடிச்சுப்போடு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். பெரியவர் என்று தெரிந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இது எந்த இடத்தில் அடைக்கிறது என்று யோசித்து யோசித்து எனக்கே தலைவலி வந்தது.

நடந்தது எப்படியோ புலவரய்யா காதுக்கு எட்டிவிட்டது. மனுசர் நேராக என் மேஜைக்கு வந்தார். "என்ற கையால அந்தப் புள்ளைக்கு இப்பிடி ஆயிப்போச்சா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா அம்மணி?" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. பிறகு அவரே ஒரு வழி சொன்னார். தினமும் சாயங்காலம் தானே வந்து எழுதுவதாகவும், தப்பு தப்பாக எழுதுவதாகவும் சொன்னார். தன்னிடம் தப்பு என்று சொல்லிப் பழகிவிட்டால் இந்த ஊரில் வேறு யாரிடமும் சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு.

அவர் தப்பு எழுதுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இன்னிக்கு எத்தனை தப்பு வேணுமுங்க டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே வருவார். பக்கம் மாற்றுவார், சுழியம் ஒன்றை விழுங்குவார், கேட்டால் "செரியாத்தான் கண்ணு இருக்குது" என்று சாதிப்பார். முதல் நாள் தாரணிக்கு வியர்த்துக் கொட்டியது. அடுத்த நாளும் அப்படித்தான். ஒருநாள் நான் சொன்னேன்: "அம்மணி, மரியாதையை விடச் சொல்லலை. தப்புங்கறதுக்கும் ஒரு 'ங்க' போட்டுக்கோ. யாரு வேண்டாங்கறா?"

புலவரய்யா அடுத்த வரியைத் தப்பாக வாசித்ததும் அவள் மெதுவாக, "அய்யா, தப்புங்க. அடிச்சுப்போட்டு எழுதுங்க" என்றாள். புலவரய்யா பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவள் சொன்னதென்னவோ அந்த ஒரு தடவைதான். அடுத்த தப்புக்கு மறுபடியும் "செரிங்கய்யா". இப்படி ஒருநாள் வரும், ஒருநாள் வராது. பதினைந்து நாள் முடிந்தபோதும் அவள் சொல்வாளா மாட்டாளா என்று எனக்கு நிச்சயமில்லை.

இன்னொன்றையும் விடாமல் பழக்கியிருந்தேன். கணக்கில் தப்பை அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது, மை பூசக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். அடியில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். எழுதுகிறவருக்கு இது தெரியாது, அவள்தான் சொல்ல வேண்டும்.

பரீட்சை சிஸ்டரின் அறையில் நடந்தது. "நீங்க வெளிய நில்லுங்க டீச்சர். இருமக்கூடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நின்றேன். அந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவர் போலப் புலவரய்யாவும் வந்து நின்றார். உள்ளே குரல்கள் கேட்டன. சிஸ்டர் கேள்வியை வாசிப்பார், தாரணி சொல்வாள், பேனா ஓடும், சிஸ்டர் திருப்பி வாசிப்பார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நான் கேள்வித்தாளின் நகலைப் பார்த்துக்கொண்டே கூடவே வந்தேன். கொள்முதல் 6,800. தாரணி அதைச் சரியாகச் சொன்னாள். பேனா ஓடியது. சிஸ்டர் வாசித்தார்:

"கொள்முதல், எட்டாயிரத்து அறுநூறு."

புலவரய்யா என் முகத்தைப் பார்த்தார்.

"சிஸ்டர்..."

"ம்?"

"அது செரியா இருக்குமுங்களா?"

"எழுதினது சரிதான்."

அதே பதில். எனக்கு ஜன்னல் வழியாகக் கத்த வேண்டும் போல இருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் மைதானத்தில் ஏதோ வகுப்புப் பெண்கள் கோகோ விளையாடும் கூச்சல். உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. 'செரிங்க' என்ற வார்த்தை எந்த நொடியும் வந்து விழப்போகிறது என்று காத்திருந்தேன்.

"இல்லீங்க சிஸ்டர்" என்றாள் தாரணி. "தப்புங்க. ஆறாயிரத்து எண்ணூறுங்க. மேல எழுதிப்போடாதீங்க. ஒத்தைக் கோடு போட்டு அடிச்சுப்போட்டு, பக்கத்துல எழுதுங்க."

ஒரு கோடு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு எண்கள் எழுதும் சத்தம்.

"ஆறாயிரத்து எண்ணூறு" என்று வாசித்தார் சிஸ்டர்.

"செரிங்க சிஸ்டர். அப்பறம்... கொஞ்சம் வேகமா எழுதுங்க. இன்னும் ரெண்டு பெரிய கேள்வி இருக்குதுங்க."

புலவரய்யா அங்கே நிற்க முடியாமல், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடிக்கே போய்விட்டார். எனக்கு அழக் கூடாது என்று உத்தரவு, ஆனால் அது அவள் தோற்றால் அழக் கூடாது என்பதற்குத்தான். ஆகவே நன்றாக அழுதேன்.

தாரணி எங்கள் பிரிவிலேயே இருந்தாள். பொதுத்தேர்வில் அவளுக்கு எழுத வந்தவர் வேறு பள்ளியிலிருந்து வந்த விலங்கியல் ஆசிரியர். வெளியே வந்ததும் அவர் என்னிடம், "உங்க பொண்ணு என்னை நல்லா வேலை வாங்கிட்டாளுங்க" என்றார். அதைவிட நல்ல மதிப்பெண் எனக்குத் தேவைப்படவில்லை.

எனக்குள் ஒரு கேள்வி மட்டும் தங்கிவிட்டது. சிஸ்டர் அந்த 8,600-ஐ வேண்டுமென்றே எழுதினாரா? வித்தியாசம் 1,800. ஒன்பதால் வகுபடும். கை தவறி எழுதினாலும் அப்படித்தான் வரும், திட்டமிட்டு எழுதினாலும் அப்படித்தான் வரும். ஆடிட்டர் சொல்லித் தந்த வித்தை அதற்கு மேல் போகாது. சிஸ்டர் மாற்றலாகிப் போகிற அன்று கேட்டேவிட்டேன். "வாங்க, நடப்போம்" என்றார். கொடிக்கம்பம் வந்தது, குழாயடி வந்தது. ஒரு குழாயை மூடினார். "தண்ணியை வீணாக்காதீங்கன்னு சொல்லுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தாரணி இப்போது ஈரோட்டுப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் காதில் வாசித்துக் காட்டுகிறது. நித்யாவின் படம் வந்த அன்று அவளுக்குப் போன் செய்து, பலகை கிடைத்திருக்கிறது என்றேன். பக்கத்தில் யாரிடமோ, "சார், நீங்க சொன்ன நம்பர் தப்புங்க, மறுபடி பாருங்க" என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தாள். யார் அது என்று கேட்டேன். மேனேஜருங்க என்றாள்.

இதுதான் சமயம் என்று, இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "தாரணி, நெசத்தைச் சொல்லு. அந்தப் பலகை உனக்கு ஒருநாளாச்சும் உபயோகப்பட்டுச்சா?"

"நல்ல தேக்குங்க மிஸ்" என்றாள்.

நித்யா, பலகையைத் தூக்கிப் போடாதே, அங்கேயே இருக்கட்டும். ஹெட்மிஸ்ட்ரஸ், மேனேஜர் என்று எல்லோர் தப்பையும் அடித்து எழுத வைத்தவள், என்னுடைய இந்தத் தப்பை மட்டும் எனக்காக இன்னும் அனாமத்திலேயே வைத்திருக்கிறாள்.